குழந்தைகளுக்கான கதை நேரம்

குழந்தைகளுக்கான கதை நேரம் என்பது, 3 முதல் 8 வயது வரையுள்ள குழந்தைகளைக் குழுவாக அமரவைத்து ஒருவர் கதை சொல்வது அல்லது படப்புத்தகத்தை வாசித்துக் காட்டுவது ஆகும். அங்கன்வாடி மையம், தொடக்கப் பள்ளி, நூலகம், மாலை நேர வகுப்பு, ஊர் மந்தை, வீட்டுத் திண்ணை என எந்த இடத்திலும் இதை நடத்தலாம். இது மேடை நிகழ்ச்சியிலிருந்து வேறுபட்டது. வில்லுப்பாட்டில் பாடுபவருக்கு ஆமாம் போடுவதற்குக் குழுவிலேயே ஆள் இருப்பார். கதை நேரத்தில் அந்தப் பங்கு கேட்கும் குழந்தைகளுடையது. அந்தப் பங்கு அவர்களுக்குக் கிடைத்ததா என்பதே கதை நேரம் நன்றாக நடந்ததா என்பதற்கு அளவுகோல்.

குழுவாக அமர்ந்த சிறு குழந்தைகளுக்குக் கதை சொல்லும் முறைகள், தேனி மாவட்டத்தையும் கம்பம் பள்ளத்தாக்கையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்கப்படுகின்றன.

உம் கொட்டும் மரபு

அப்பத்தாவோ அம்மாச்சியோ கதை சொல்லும்போது, கேட்கும் குழந்தை "உம்" கொட்ட வேண்டும் என்பது தமிழ் வீடுகளின் வழக்கம். உம் நின்றால் கதையும் நின்றுவிடும். குழந்தை தூங்கிவிட்டது, அல்லது கவனம் வேறு பக்கம் போய்விட்டது என்று அதற்குப் பொருள். இந்தச் சிறிய ஒலி சொல்பவருக்கு எவ்வளவு வேகமாகச் சொல்லலாம் என்று காட்டுகிறது. குழந்தையைக் கதைக்குள் பிடித்து வைக்கிறது. கதை இருவருக்கும் பொதுவானது என்பதையும் உணர்த்துகிறது.

வீட்டில் இரண்டு மூன்று குழந்தைகளுக்குச் சொல்லும்போது இந்த உம் போதும். 20 குழந்தைகள் உட்காரும் இடத்தில் அது போதாது. முன்னால் இருக்கும் நான்கு பேர் உம் கொட்டுவார்கள். பின்னால் இருப்பவர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் இழுத்துக்கொண்டிருப்பார்கள். அப்போது அதே உம் வேறு வடிவங்களில் வர வேண்டும். எல்லாரும் சேர்ந்து சொல்லும் ஒரு சொல், கையால் செய்யும் ஒரு அசைவு, அடுத்து என்ன நடக்கும் என்ற ஊகம், கதைக்கு நடுவே வரும் ஒரு பாட்டு ஆகியவை அந்த வடிவங்கள். குழுவுக்குக் கதை சொல்லும் உத்திகளில் பெரும்பாலானவை இந்த உம்மின் விரிவே.

ஆய்வுகளும் இதை ஒட்டியே அமைகின்றன. அமெரிக்க உளவியலாளர் குரோவர் ஒயிட்ஹர்ஸ்டும் அவருடைய குழுவினரும் 1988-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். படப்புத்தகத்தை வெறுமனே வாசித்துக் காட்டாமல், குழந்தையிடம் கேள்வி கேட்டு, அது சொல்லும் பதிலை விரிவாக்கித் திருப்பிச் சொல்லும்படி பெற்றோருக்குப் பயிற்சி தரப்பட்டது. ஒரு மாதத்துக்குப் பின், அந்தக் குழந்தைகள் வழக்கமான முறையில் கதை கேட்ட குழந்தைகளைவிடப் பேச்சுத்திறனில் முன்னே இருந்தனர். குழந்தையின் பேச்சு வளர, கேட்பது மட்டும் போதாது. கதையினூடே அது பேசவும் வேண்டும் என்பது இதன் சாரம்.

தேனி மாவட்டச் சூழல்

கம்பம் பள்ளத்தாக்கு மேற்கே ஏலமலைக்கும் கிழக்கே வருசநாட்டு, மேகமலைத் தொடர்களுக்கும் இடையில் அமைந்தது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகியவை இதன் முக்கிய ஊர்கள். வாழை, திராட்சை, நெல் ஆகியவை இங்கு விளைகின்றன. இவற்றோடு, எல்லைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்தில் உள்ள ஏலத் தோட்டங்களின் கூலி வேலையும் பல குடும்பங்களின் வாழ்வாதாரம். விடியுமுன் ஜீப் ஏறி குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலைக்குப் போகும் பெண்கள் மாலையில்தான் வீடு திரும்புவார்கள். அப்படிப்பட்ட வீட்டில் குழந்தை கண் விழிக்கும்போது தாய் இருப்பதில்லை. இரவில் அவருக்கு அடுப்பு வேலையும் அலுப்பும் இருக்கும். பாட்டி உள்ள வீட்டில் கதை கிடைக்கலாம். இல்லாத வீட்டில் அந்த இடத்தை அலைபேசி பிடித்துக்கொள்கிறது. அலைபேசி கதை சொல்லும்; ஆனால் குழந்தையின் உம்முக்காக அது காத்திருக்காது. குழுவாக நடத்தும் கதை நேரம் இத்தகைய குழந்தைகளுக்குப் பொழுதுபோக்கைவிடப் பெரியது. ஒரு பெரியவர் தம் முகத்தைப் பார்த்து, தொடர்ச்சியான நீண்ட வாக்கியங்களில் பேசி, தம் பதிலுக்காக நிற்கும் நேரம் அது.

பள்ளத்தாக்கில் வீட்டுமொழிகளும் பல. தமிழோடு கன்னடம், தெலுங்கு பேசும் குடும்பங்கள் உண்டு. மலையடிவாரக் குடியிருப்புகளில் பளியர் பழங்குடிக் குழந்தைகள் இருக்கிறார்கள். எனவே ஒரே வட்டத்தில் அமரும் குழந்தைகளுக்குப் பாடநூல் தமிழ் ஒரே அளவில் பழக்கமாக இருப்பதில்லை.

அரசுத் திட்டங்களில் கதை

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று இந்தியாவில் தொடங்கியது. அதன்கீழ் இயங்கும் அங்கன்வாடி மையங்களில் சத்துணவோடு முன்பருவக் கல்வியும் தரப்படுகிறது. கதையும் பாட்டும் அதன் பகுதிகள்.

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபின், தமிழ்நாடு அரசு 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் 12 மாவட்டங்களில் நடந்த இத்திட்டம் பின்னர் மாநிலம் முழுவதும் விரிந்தது. ஊரிலுள்ள தன்னார்வலர்கள் பள்ளி நேரத்துக்குப் பின் மாலையில் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புக் குழந்தைகளுக்குக் கற்பித்தனர். குழந்தைகள் "அக்கா" என்று அழைக்கக்கூடிய ஒருவர், அதே தெருவில், கதை சொல்லும் வாய்ப்பை இது உருவாக்கியது.

2022 ஜூன் 13 அன்று தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், 2025-க்குள் 8 வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளும் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும் என்ற இலக்கைக் கொண்டிருந்தது. முதல் மூன்று வகுப்புகளில் கதை, பாடல், பொம்மலாட்டம் ஆகியவை கற்பிக்கும் கருவிகளாயின. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிநிலைகளில் சிறு நூல்களை வெளியிட்டது. 2015-இல் பிரதம் புக்ஸ் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்திலும் தமிழ்ப் படக்கதைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

கதையைத் தேர்ந்தெடுத்தல்

சிறு குழந்தைகளுக்கான குழுக்கதையில் மூன்று கூறுகள் இருப்பது நல்லது: நான்கைந்துக்கு மேற்படாத பாத்திரங்கள் அல்லது ஒரே வரிசையில் வந்துபோகும் பாத்திரங்கள், திரும்பத் திரும்ப வரும் ஒரு தொடர், குழந்தை முன்கூட்டியே ஊகிக்கக்கூடிய முடிவு.

தமிழ் நாட்டுப்புறக் கதைகளில் இதற்குப் பொருத்தமானவை பல உள்ளன. தன் பெயரை மறந்துபோன ஈயின் கதை அவற்றில் ஒன்று. கன்றுக்குட்டி, பசு, மேய்ப்பவன், அவன் கைக்கோல், மரம், கொக்கு, குளம், மீன் என்று ஒவ்வொருவரிடமும் ஈ தன் பெயரைக் கேட்டுப் போகும். ஊருக்கு ஊர் இந்த வரிசை மாறும். ஒவ்வொரு முறையும் பட்டியல் ஒன்று கூடுவதால், நான்காவது சுற்றுக்குள் குழந்தைகளே அதைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். இறுதியில் குதிரை கனைக்கும் ஒலியில் ஈக்குத் தன் பெயர் கிடைக்கும். அது தமிழ் நெடுங்கணக்கின் நான்காவது எழுத்தும் ஆகும். கொழுக்கட்டை என்ற சொல்லை மறக்காமலிருக்க வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போய், ஓடையைத் தாண்டும்போது வேறு சொல்லாக மாற்றிவிடும் ஆளின் கதையும் இதே வகை.

வயதுக்கு ஏற்ற நீளமும் முக்கியம். 3, 4 வயதுக் குழந்தைகளுக்கு ஐந்து முதல் எட்டு நிமிடம், 5, 6 வயதினருக்குப் பத்து முதல் பதினைந்து நிமிடம், 7, 8 வயதினருக்கு இருபது நிமிடம் வரை எனப் பொதுவாகக் கொள்ளலாம். கலந்த வயதுக் குழுவில் சிறியவர்களின் அளவைப் பின்பற்றுவதே பாதுகாப்பானது. பெரியவர்களுக்குக் கதைக்குள் வேலை கொடுக்கலாம்: மழையின் ஒலியை எழுப்புவது, பொம்மையைப் பிடிப்பது, சிறியவர்களுக்குத் தொடரை நினைவூட்டுவது போன்றவை.

சாதி, நிறம், உடல் குறை, ஏழ்மை ஆகியவற்றைக் கேலி செய்யும் கதைகளைத் தவிர்க்க வேண்டும். பழங்கதைகளில் இவை சாதாரணமாக வரும். "நொண்டி", "குருடன்" போன்ற அடைமொழிகளை நீக்கினாலும் கதை பெரும்பாலும் குறைபடுவதில்லை.

முன்னேற்பாடு

கதையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நிகழ்ச்சிகளின் வரிசை, திரும்ப வரும் தொடர், முதல் வாக்கியம், கடைசி வாக்கியம் ஆகிய நான்கையும் உறுதியாக நினைவில் வைத்தால் போதும். முதல் வாக்கியம் தடுமாறினால் குழந்தைகளின் கவனம் போய்விடும். கடைசி வாக்கியம் தெளிவாக இல்லாவிட்டால், கதை முடிந்ததா என்று அவர்களுக்குத் தெரியாது.

குழந்தைகள் தரையில் பாய் விரித்து அரைவட்டமாக அமர்வது நல்லது. சொல்பவர் நாற்காலியில் உயரமாக இருப்பதைவிட, தாழ்வான மணையிலோ தரையிலோ அமர்ந்தால் கண்ணோடு கண் பார்க்க முடியும். அவருக்குப் பின்னால் சன்னலோ வாசலோ இருந்தால் வெளிச்சம் கண்ணைக் கூசச்செய்து முகம் தெரியாமல் போகும். வெளிச்சம் அவர் முகத்தில் விழும்படி இடம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தேனிப் பகுதியில் தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசும் மாதங்களில், திறந்த வெளியில் குரல் காற்றோடு போய்விடும். காற்று வரும் பக்கம் சொல்பவர் அமர்ந்து, அது போகும் பக்கம் குழந்தைகளை அமரவைத்தால் குரல் அவர்களை நோக்கிச் செல்லும். சுவரோரம் இன்னும் நல்லது.

மாலை நேரக் குழுவில் பசியும் கவனத்தைக் கெடுக்கும். சிறிது சுண்டலோ கடலை மிட்டாயோ தின்றபின் தொடங்குவது உதவும். தோட்ட வேலைக்குப் போன தாய்மார் இறங்கும் நேரத்துக்கு முன்பே கதையை முடித்துவிட வேண்டும். ஜீப் சத்தம் கேட்டபின் எந்தக் கதையாலும் குழந்தையைப் பிடித்து வைக்க முடியாது. பிடித்து வைக்கவும் கூடாது.

சொல்லும் முறை

தொடக்கம்: "சத்தம் போடாதே" என்று தொடங்குவதைவிட ஒரு பாட்டோ கைதட்டலோ பயன் தரும். குஜராத்தின் பாவ்நகரில் 1920-இல் குழந்தைகள் பள்ளி தொடங்கிய கிஜுபாய் பதேக்கா (1885–1939) எழுதி, தமிழில் "பகல் கனவு" என்ற பெயரில் வந்துள்ள நூலில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. அதில் வரும் ஆசிரியர் முதலில் அமைதி விளையாட்டு நடத்தப் பார்த்துத் தோற்றுப்போகிறார். கதை சொல்லத் தொடங்கியதும் அதே வகுப்பு அடங்கிக் கேட்கிறது. கதைக்கு முன் அமைதி வேண்டும் என்று காத்திருப்பதைவிட, கதையால் அமைதி வரச்செய்வது எளிது.

குரல்: தொடர்ந்து உரக்கப் பேசினால் குழந்தைகளும் உரக்கப் பேசுவார்கள். முக்கியமான இடத்தில் குரலைத் தாழ்த்தினால் முன்னே சாய்ந்து கேட்பார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக்குரல் தேவையில்லை. வேகமாகப் பேசும் எலி, நிதானமாகப் பேசும் யானை என்ற அளவு வேறுபாடே போதும். இடைவெளியும் ஒரு கருவிதான். "கதவைத் திறந்து பார்த்தா..." என்று நிறுத்தி மூன்று எண்ணும் நேரம் காத்திருந்தால், குழந்தைகள் தாமே நிரப்புவார்கள்.

பேச்சுநடை: புத்தகத்தில் "சென்றான்" என்றிருப்பதைச் "போனான்" என்று சொல்வதில் தவறில்லை. முதலில் வட்டாரப் பேச்சில் சொல்லி, இன்னொரு நாள் அதே கதையைப் புத்தகத்திலிருந்து வாசித்துக் காட்டினால், கதை முன்பே தெரிந்திருப்பதால் எழுத்துத் தமிழ் எளிதில் விளங்கும். வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் குழந்தையிடம், "உங்க வீட்டுல இதுக்கு என்ன சொல்வீங்க?" என்று கேட்டு அந்தச் சொல்லையும் கதைக்குள் சேர்க்கலாம். அதுவரை பேசாத குழந்தை பேசத் தொடங்க இது ஒரு நல்ல வாசல்.

தெரியாத பொருள்: கதையில் வரும் பொருள் குழந்தை அறியாததாக இருந்தால் முன்பே அறிமுகம் செய்ய வேண்டும். மதுரை–போடிநாயக்கனூர் மீட்டர்கேஜ் ரயில் 2010 இறுதியில் நிறுத்தப்பட்டது. அகலப்பாதையில் தேனிக்கு 2022 மே மாதமும் போடிக்கு 2023 ஜூன் மாதமும்தான் மீண்டும் ரயில் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பிறந்த குழந்தைகள் சொந்த ஊரில் ரயிலைப் பார்க்காமலே ரயில் கதைகளைக் கேட்டார்கள். ஒரு படம், ஓர் ஒலி, வரிசையாக நிறுத்திய தீப்பெட்டிகள் ஆகியவை அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யும்.

படப்புத்தகம்: புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடிக்காமல் தோளுக்குப் பக்கவாட்டில் பிடித்து, இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்திக் காட்ட வேண்டும். படத்தைப் பார்க்க நேரம் கொடுத்த பிறகே பக்கத்தைத் திருப்ப வேண்டும். வாசிக்கும் வரியின்கீழ் அவ்வப்போது விரலை ஓட்டினால், எழுத்திலிருந்துதான் கதை வருகிறது என்பது குழந்தைக்குப் புரியும்.

கேள்விகள்

கதைக்குள் கேட்கும் கேள்வி தேர்வுக் கேள்வியாக இருக்கக் கூடாது. "ராஜா பேரு என்ன?" என்பதற்கு ஒரே விடைதான்; தெரியாத குழந்தை தலையைக் குனிந்துகொள்ளும். "இப்ப அந்த ஆட்டுக்குட்டி என்ன செய்யும்?" என்பதற்கு இருபது விடைகள் உண்டு. எல்லாமே சரியானவை. குழந்தை "ஓடும்" என்று சொன்னால், "ஆமா, பயந்துபோய் காட்டுக்குள்ள ஓடும்" என்று விரித்துத் திருப்பிச் சொல்லலாம். குழந்தையைத் திருத்தாமலே அதற்கு முழு வாக்கியம் கிடைத்துவிடும்.

ஒரு கதையில் மூன்று நான்கு கேள்விகள் போதும். அதற்கு மேல் போனால் கதையின் ஓட்டம் அறுந்துவிடும். எப்போதும் முந்திக்கொண்டு பதில் சொல்லும் குழந்தைகள் எல்லாக் குழுவிலும் இருப்பார்கள். "எல்லாரும் பக்கத்துல இருக்கவங்க காதுல சொல்லுங்க" என்று சொன்னால் ஒரே நேரத்தில் எல்லாருக்கும் பேச வாய்ப்புக் கிடைக்கும்.

"இந்தக் கதையின் நீதி என்ன?" என்று முடிப்பது பழக்கமாகிவிட்ட ஒன்று. அது குழந்தை தானாக எடுத்துக்கொண்டதை ஒதுக்கி, பெரியவரின் விடையை வைக்கிறது. "யாரை உங்களுக்குப் பிடிச்சது?" என்று கேட்டு நிறுத்துவதே போதுமானது.

ஒரு மாதிரி அமைப்பு

15 குழந்தைகள் உள்ள குழுவுக்கு ஈயின் கதையை வைத்து அரைமணி நேரத்தைப் பின்வருமாறு அமைக்கலாம்.

முதல் 5 நிமிடம்: கைதட்டிப் பாட்டு, குழந்தைகள் வட்டத்தில் அமர்தல்.
அடுத்த 3 நிமிடம்: "பேரே மறந்துபோச்சுன்னா என்ன செய்வீங்க?" என்ற பேச்சு.
அடுத்த 10 நிமிடம்: கதை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கையசைவு; பட்டியலைக் குழந்தைகள் சேர்ந்து சொல்வர்.
அடுத்த 8 நிமிடம்: ஆளுக்கு ஒரு பாத்திரமாக நின்று கதையை நடித்தல். கூச்சப்படும் குழந்தை மரமாகவோ குளமாகவோ பேசாமல் நிற்கலாம்.
கடைசி 4 நிமிடம்: மணலிலோ சிலேட்டிலோ "ஈ" எழுதுதல், வீட்டில் இந்தக் கதையை யாரிடம் சொல்வீர்கள் என்ற கேள்வியோடு முடித்தல்.

அதே கதையை அடுத்த வாரமும் சொல்லச் சொல்லிக் குழந்தைகள் கேட்பார்கள். அதை மறுக்க வேண்டியதில்லை. இரண்டாம் முறையில் அவர்கள் பேசும் பங்கு கூடும்.

வட்டார நிகழ்வுகளைக் கதையாக்குதல்

குழந்தைகள் அறிந்த இடங்களும் நிகழ்வுகளும் கதையாகும்போது அவர்களிடம் சொல்வதற்கு நிறைய இருக்கும். பள்ளத்தாக்கில் ஓடும் முல்லைப் பெரியாற்று நீர், 1887 முதல் 1895 வரை ஜான் பென்னிகுயிக் தலைமையில் கட்டப்பட்ட அணையிலிருந்து சுரங்கம் வழியாக வருவது. மேற்கே போகவேண்டிய ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது சிறு குழந்தைக்கும் வியப்பூட்டும். மணலில் மேடு கட்டி, குழாய் செருகி, தண்ணீர் ஊற்றியே அதைச் சொல்லலாம். அவர் தம் சொத்தை விற்று அணை கட்டினார் என்பது மக்கள் வாய்மொழியில் நிலைத்த செய்தி. அதைச் சொல்லும்போது "ஊரில் அப்படிச் சொல்வார்கள்" என்று சேர்ப்பது, வரலாறும் வழிவழிக் கதையும் வேறு என்பதைக் குழந்தைக்கு மெல்லப் பழக்கும்.

அச்சம் தந்த நிகழ்வுகளைக் கூடுதல் கவனத்தோடு கையாள வேண்டும். இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் பிடிக்கப்பட்டுப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட அரிக்கொம்பன் யானை, 2023 மே 27 அன்று கம்பம் நகருக்குள் புகுந்தது. ஊரில் தடையுத்தரவு போடப்பட்டது. யானை தாக்கி ஒருவர் உயிரிழந்தார். ஜூன் 5 அன்று யானை பிடிக்கப்பட்டு, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. இத்தகைய நிகழ்வில் யானையை வில்லனாகவும் காட்டக் கூடாது. பயந்த குழந்தையிடம் பயப்படாதே என்றும் சொல்லக் கூடாது. அரிசி தேடி அலைந்த, காட்டிலிருந்து காட்டுக்கு மாற்றப்பட்ட யானையின் வழியையும், கதவடைத்து வீட்டுக்குள் இருந்த மனிதர்களின் நாள்களையும் மாறி மாறிச் சொல்லலாம். பிறகு குழந்தைகளைப் பேசவோ வரையவோ விடலாம். பேச விரும்பாத குழந்தையை வற்புறுத்தக் கூடாது. கதை கேட்கும் குழுவில் இழப்பைச் சந்தித்த வீட்டுக் குழந்தை இருந்தால் அந்தக் கதையைத் தவிர்ப்பதே சரி.

வழக்கமான தவறுகள்

குழந்தைகளை அடக்குவதற்கான பரிசாகவோ தண்டனையாகவோ கதையைப் பயன்படுத்துவது. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் விளக்குவது. அசையும் குழந்தையைக் கதைக்கு நடுவே பெயர் சொல்லி அதட்டுவது. ஒரே குழந்தைக்கு எப்போதும் முக்கியப் பாத்திரம் தருவது ஆகியவை அடிக்கடி நிகழும் தவறுகள். அசைந்துகொண்டே கேட்கும் குழந்தைகள் உண்டு. வட்டத்துக்கு வெளியே, சுவரோரம் நின்று கேட்பவர்களும் உண்டு. காது சரியாகக் கேளாத குழந்தையை, சொல்பவரின் உதட்டசைவு தெரியும்படி முன்னால் அமரவைக்க வேண்டும்.

கவனம் கலைந்துவிட்டால் குரலை உயர்த்துவதற்குப் பதில், திரும்ப வரும் தொடருக்கு உடனே போய்விடலாம். அப்படியும் கலைந்தால், நடுப்பகுதியைச் சுருக்கி முடிவுக்கு வருவது நல்லது. பாதியில் விடப்பட்ட கதையைவிடச் சுருங்கிய கதை மேல்.

மதிப்பிடுதல்

கதை நேரத்தின் பயனை அறியக் குழந்தைகள் எவ்வளவு அமைதியாக இருந்தார்கள் என்று பார்க்க வேண்டியதில்லை. எத்தனை பேர் ஒரு முறையாவது வாய் திறந்தார்கள், சென்ற வாரம் பேசாத யார் இந்த வாரம் பேசினார்கள், கதைப் புத்தகத்தை யாராவது தானாக எடுத்துப் புரட்டினார்களா என்பவற்றைக் குறித்துவைத்தால் போதும். ஏலத் தோட்டத்திலிருந்து திரும்பிய தாய்க்கு, அன்று கேட்ட கதையைக் குழந்தை சொல்ல, அடுப்படியிலிருந்து தாய் உம் கொட்டினால் அந்தக் கதை நேரம் தன் வேலையை முடித்துவிட்டது எனலாம்.